அப்பாமாரின் கைகள்: கொட்டியாரத்துக் கைவேலைக்கு ஒரு சிறு வரலாறு

கைவேலை எண்டால் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம். ஐஸ்கிரீம் குச்சி, மினுக்குத் தாள், பசை, முட்டைக் கோது. தவணை முடிவில் ஒரு மேசையில் வைத்து ஆசிரியர் புள்ளி போடுவார். அதே பிள்ளையின் வீட்டில் அப்பா மண்வெட்டிக்குப் பிடி சீவிக்கொண்டிருப்பார், கிழிந்த வீச்சுவலையைப் பொத்திக்கொண்டிருப்பார், கோழிக்குக் கூடு பின்னிக்கொண்டிருப்பார். அதற்கு யாரும் புள்ளி போட்டதில்லை. அதைக் கைவேலை என்று சொன்னதுமில்லை. "மனுசனுக்குச் சும்மா இருக்க ஏலாது, எதையாவது நோண்டிக்கொண்டு இருப்பார்" என்று அம்மாமார் சொல்லுவார்கள். அவ்வளவுதான் அந்த வேலைக்குக் கிடைத்த பேர்.

இந்தக் கட்டுரை அந்த நோண்டலைப் பற்றியது. கட்டைபறிச்சானில் இருந்து எழுதும் நாங்கள், எங்கட கொட்டியாரப் பற்றின் வரலாற்றை இதுவரை கோயில், கல்வெட்டு, அரசர், யுத்தம் என்றே படித்து வந்திருக்கிறோம். அப்பாமாரின் கை வழியாக அதே வரலாற்றைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதுதான் எங்கட கேள்வி.

வீட்டுக்குள் இருந்த பட்டறை

எங்கட ஊர் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் கடல், இடையில் களப்பும் ஆறும். ஆகவே அப்பாமாரின் கைவேலையும் இந்த மூன்றையும் சுற்றித்தான் வளர்ந்தது.

கரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு வாய், கீழே அகலம், அடி கிடையாது. முழங்கால் தண்ணியில் மெல்ல நடந்து, மீன் அசையும் இடத்தில் சட்டென்று குத்தி, மேல்வாயால் கையை விட்டு மீனை எடுப்பது. பார்க்க லேசான சாமான். ஆனால் குச்சிக்கும் குச்சிக்கும் இடைவெளி கூடினால் மீன் போய்விடும். குறைந்தால் தண்ணி தள்ளும், குத்து விழாது. அந்த இடைவெளியை யாரும் அடிமட்டம் வைத்து அளந்ததில்லை, விரல்தான் அளவு. எந்த விரல், எந்த மீனுக்கு என்பது அப்பாவுக்குத் தெரியும்.

வீச்சுவலை இன்னும் நுணுக்கம். அதை உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்ன வேண்டும். சுற்றுக்குச் சுற்று கண்ணைக் கூட்டிக்கொண்டே போனால்தான் வீசும்போது வட்டமாக விரியும். கணக்குப் பிழைத்தால் ஒரு பக்கம் சுருங்கி விழும். கண் எல்லாம் ஒரே அளவில் வர ஒரு சின்னப் பலகைத் துண்டு வைத்திருப்பார்கள். அந்தத் துண்டின் அகலம்தான் வலையின் சட்டம். நைலோன் வருவதற்கு முன் பருத்தி நூலை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, உப்புத் தண்ணிக்கு உக்காமல் பதப்படுத்தினார்கள். எந்தப் பட்டை, எத்தனை நாள் என்பதும் ஒரு அறிவுதான்.

கரப்பு என்ற சொல் எங்கட கூத்துக்குள்ளும் இருக்கிறது. கிழக்கின் வடமோடிக் கூத்தில் அரசனாக ஆடுபவருக்குக் கரப்புடுப்பு. இடுப்பைச் சுற்றி வளையங்கள் கட்டி, துணி போர்த்தி, கூடை கவிழ்த்தது போல விரிந்து நிற்கும் உடை. மீன் பிடிக்கும் கூடையின் உருவத்தைத்தான் அரசன் உடுத்திக்கொண்டு ஆடுகிறான். பகலில் வயலிலும் தண்ணியிலும் நின்ற கைகளே இரவில் முடியும் புயகிரீடமும் செய்தன. பாரமில்லாத மரத்தில் வெட்டி, கண்ணாடித் துண்டு பதித்து, நிறம் பூசி. அண்ணாவியாரின் பேர் கூத்தோடு நிற்கும், முடி செய்தவரின் பேர் பெரும்பாலும் நிற்காது.

பிறகு எங்களுக்காகச் செய்தவை. குரும்பட்டியும் ஈர்க்கும் வைத்துக் கட்டிய தேர். இரண்டு நுங்குக் கோம்பையைத் தடியால் இணைத்துக் கவட்டைக் கம்பால் தள்ளும் வண்டி. பனையோலையை மடித்து முள்ளில் குத்திய காற்றாடி. தென்னோலையில் கிளி, பாம்பு, கிலுக்கு, கையில் கட்டும் மணிக்கூடு. பூவரசம் இலைப் பீப்பீ. இவற்றின் ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள். வாடினவுடன் அப்பா இன்னொன்று செய்து தருவார். மூன்றாம் தரம் கேட்டால், "இஞ்ச வா மகன், பாத்துக்கொள், இனி நீயே செய்" என்பார். பாடம் அங்கேதான் தொடங்கும். விளக்கமாக ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும், கையைப் பார்க்க வேண்டும், பிழைத்தால் அவர் அவிழ்த்துத் தருவார், திரும்பக் கட்ட வேண்டும்.

அப்பாவைக் காணாத ஒருவர் எழுதிய புத்தகம்

இந்தப் பக்கத்தில் குந்தியிருந்து பழகும் முறையைப் பற்றி இந்தத் தீவில் பெரிய அளவில் எழுதியவர் ஒரு தமிழரின் மகன், ஆனந்த குமாரசுவாமி. அவருடைய தந்தை சேர் முத்து குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். தாய் எலிசபெத் ஆங்கிலேயர். ஆனந்தர் 1877 ஓகஸ்ட்டில் பிறந்தார். தந்தை 1879 மே மாதம் இறந்துபோனார். பிள்ளைக்கு அப்போது ரெண்டு வயதுகூட நிரம்பவில்லை. தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்குத் தகப்பனிடம் எதையும் பார்த்துப் பழக வாய்ப்பே இருக்கவில்லை.

அவர் நிலவியல் படித்து, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள அளவைக்குப் பொறுப்பாக இருந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் கல்லை விட்டுக் கைகளைப் பார்க்கத் தொடங்கினார். கண்டிப் பகுதியின் தச்சர், கொல்லர், குயவர், பாய் இழைப்போர், தந்தத்தில் செதுக்குவோர் எல்லாரையும் குறிப்பெடுத்தார். மனைவி எதெல் படம் பிடித்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய புத்தகம் 1908இல் வந்தது. அதை அவர் இங்கிலாந்தில் கை அச்சில் தானே முன்னின்று அச்சடித்தார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறி. மொத்தம் 425 பிரதிகள். கைவேலையைப் பற்றிய புத்தகம் தானும் கைவேலையாகவே இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

அவர் கண்டது இதுதான். இங்கே பட்டறை வேறு, பள்ளிக்கூடம் வேறு, வீடு வேறு என்று இல்லை. பிள்ளை அப்பாவின் பட்டறையில் பிறந்து வளர்கிறது. முதல் நாளில் இருந்தே உண்மையான சாமானில், உண்மையான தேவைக்காகவே கை பழகுகிறது. செய்வதற்கு ஆதாரமாக ஒரு காணியோ, அரசனின் அல்லது கோயிலின் ஆதரவோ இருந்தது. 1815இல் கண்டி விழுந்து, பிறகு இராசகாரிய முறை நீங்கி, சந்தையில் இறக்குமதிச் சாமான் நிரம்பியபோது அந்த ஆதாரம் போனது. ஆதாரம் போனதும் அப்பாவிடம் இருந்து மகனுக்குப் போன வழியும் அடைபட்டது.

தன் அப்பாவிடம் ஒன்றும் பழகக் கிடைக்காத ஒருவர், ஊரார் அப்பாமார் தங்கட பிள்ளைகளுக்குப் பழக்குவதை இவ்வளவு கவனமாக எழுதி வைத்திருக்கிறார். ரெண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் படிக்கும்போது அது மனதில் தட்டாமல் இருக்காது.

எல்லாப் பிள்ளைக்கும் சொல்லித் தந்தார்களா?

இங்கே குமாரசுவாமியோடு நாங்கள் கொஞ்சம் முரண்பட வேண்டும். அப்பாவிடம் இருந்து மகனுக்கு என்பது கேட்க அழகான வழி. ஆனால் அது சாதியின் வழியும்தான். கொல்லன் மகன் கொல்லன், குயவன் மகன் குயவன் என்ற ஏற்பாட்டில் கை நன்றாகத் தேர்ந்தது உண்மை. வேறு எதற்கும் கை நீட்டக்கூடாது என்ற கட்டும் அதற்குள்ளேயே இருந்தது. அந்த ஏற்பாட்டை அவர் போற்றிய அளவுக்கு எங்களால் போற்ற முடியாது. கைவேலை குறையக் காரணம் பிளாஸ்டிக் மட்டுமா? தகப்பனின் தொழிலைச் சொல்லி ஊர் இழிவாகப் பேசியதால், படித்து வெளியேறிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ரெண்டாவது, மகன் என்ற சொல். அம்மாமார் பன் வெட்டிக் காயவைத்து, சாயம் போட்டு, பாய் இழைத்தார்கள். பெட்டி, கடகம், சுளகு எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கை. அதைப் பெண் பிள்ளைகள் பழகினார்கள். ஆனால் வலை, மரம், உளி என்றால், "பொம்புளப் புள்ளைக்கு அது எதுக்கு" என்ற சொல் வந்துவிடும். எட்டி நின்று பார்த்தே பழகிக்கொண்ட பெண்களும் உண்டு. ஆகவே அப்பாவின் கையைப் பற்றி எழுதும்போது அது யாருக்குப் போனது என்பதோடு யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும்.

கொட்டியாரக் கரையில் ஒரு தகப்பனும் மகனும்

அப்பா திடீரென்று இல்லாமல் போனால் கை என்ன செய்யும்? இதற்கு எங்கட கரையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

1659இல் 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் அடிபட்டுப் பெரிய பாய்மரத்தை இழந்தது. வியாபாரமும் செய்து பாய்மரத்தையும் சரிசெய்து கொள்ளக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பலின் தலைவர் பேர் றொபேட் நொக்ஸ். கூட வந்த மகனின் பேரும் றொபேட் நொக்ஸ், வயது பத்தொன்பது. 1660 ஏப்ரலில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கரையில் வைத்துத் தகப்பனையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்தார்கள். கப்பலுக்குச் செய்தி சொல்ல மகனை அனுப்பியபோது, அவர் அப்படியே கப்பலோடு தப்பியிருக்கலாம். தகப்பனிடம் கொடுத்த சொல்லுக்காகத் திரும்பி வந்தார். மலைநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட தகப்பன் 1661 பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்தார். மகன்தான் அடக்கம் செய்தார்.

அதற்குப் பிறகு மகனைக் காப்பாற்றியது ஒரு கைவேலை. சிறைப்பட்ட ஆங்கிலேயர் நூலில் தொப்பி பின்னி விற்றார்கள், இவரும் பின்னினார். எல்லாரும் பின்னத் தொடங்கத் தொப்பியின் விலை இறங்கியது. எந்த நாளும் எந்தக் கைவினைஞரும் படும் பாடுதான். ஊர் ஊராகச் சாமான் விற்பவராகத் திரிந்து, அந்தச் சாட்டிலேயே வழி பார்த்து, 1679இல் வடமேற்கே அரிப்பை அடைந்து தப்பினார். 1681இல் அவர் வெளியிட்ட புத்தகத்தால் உலகம் இலங்கையை அறிந்தது.

மூதூரில் வெள்ளைக்காரன் மரம் நின்ற இடத்தில் பிரித்தானியர் காலத்தில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். இந்த மரத்தின் கீழ் பிடிபட்டவர் கப்பல் தலைவர் நொக்ஸ் என்றும், நொக்ஸ் 19 வருடம் சிறையிருந்தார் என்றும் அது சொல்கிறது. கூர்ந்து பார்த்தால் அன்று கப்பலின் தலைவர் தகப்பன், 19 வருடம் இருந்தவர் மகன். ரெண்டு பேரும் ஒரே பேரில் ஒரே ஆளாகிவிட்டார்கள். புத்தகம் எழுதிய மகன் நின்றார், ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காத தகப்பன் மகனின் பேருக்குள் கரைந்துபோனார். எங்கட ஊர் அப்பாமாருக்கு நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

தீயும் இடம்பெயர்வும்

தூரத்தில் இருந்து ஒரு கதையையும் பக்கத்தில் வைக்கலாம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்ற தச்சர். உலகமெங்கும் பொருளாதாரம் விழுந்த காலத்தில் வீடு கட்ட ஆளில்லை. 1932இல் மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். அதே வருடம் மனைவியும் இறந்துபோக, கையில் நாலு ஆண் பிள்ளைகள். அதில் கொட்பிரட் என்ற மகன் ஒருநாள், மர வாத்துகளுக்கு மூன்று தரம் பூச வேண்டிய வார்னிஷை ரெண்டு தரம் பூசிக் காசு மிச்சம் பிடித்தேன் என்று பெருமையாகச் சொன்னாராம். தகப்பன் அந்த வாத்துகளைத் திருப்பி எடுத்துவரச் செய்து, இரவோடிரவாக மூன்றாம் பூச்சைப் பூசவைத்தார் என்பது அந்தக் கம்பனியே சொல்லும் கதை. 1942இல் தொழிற்சாலை எரிந்தது, மாதிரிகளும் வரைபடங்களும் போயின. தகப்பன் திரும்பக் கட்டினார். 1958இல் அவர் இறந்த வருடத்திலேயே, இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பூட்டுக் கட்டைக்கு அந்த மகன் உரிமம் பதிந்தார். கம்பனியின் பேர் லெகோ.

எல்லாம் எரிந்த பிறகும் அவர்களால் தொடர முடிந்தது ஏன்? நிலம் இருந்தது, தகப்பன் இருந்தார், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்து இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. தோணியையும் வலையையும் கொண்டுபோனது. வலை பின்னத் தெரிந்தவர்களையும் கொண்டுபோனது. பதினாறு மாதத்தில், 2006 ஏப்ரலில், மூதூர் கிழக்கில் குண்டும் ஷெல்லும் விழத் தொடங்கின. சனம் வெருகல் தாண்டி வாகரைக்கும் பிறகு மட்டக்களப்புக்கும் ஓடியது. ஓடுகிறவன் பிள்ளையைத் தூக்குவானா, உளியைத் தூக்குவானா? 2007இல் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமானது. சம்பூர்ச் சனம் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல் என்று முகாம்களில் வருடக்கணக்காக இருந்தது. காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இலும் 2016இலும்தான்.

முகாமில் கைவேலை நின்றதா என்றால், அடியோடு நிற்கவில்லை. தகரத் துண்டிலும் எண்ணெய்ப் போத்தல் மூடியிலும் வண்டி செய்து கொடுத்த அப்பாமார் இருந்தார்கள். நிவாரணச் சாக்கைப் பிரித்துக் கயிறு திரித்தார்கள். ஆனால் பனையும் பன்னும் ஆறும் இல்லாத இடத்தில் கரப்புக் கட்டப் பழக்க முடியாது. பத்து வயதில் போன பிள்ளை இருபது வயதில் திரும்பி வந்தது. பக்கத்தில் குந்தியிருந்து பழக வேண்டிய வயது முகாமிலேயே கழிந்துவிட்டது. வேறு சில வீடுகளில் குந்தியிருக்க அப்பாவே இல்லை. கொல்லப்பட்டவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள். அந்த வீடுகளில் ஒரு உளிப்பிடியோ, வலைக்கண் அளக்கும் பலகைத் துண்டோ மிஞ்சியிருந்தால் அதுதான் அப்பா விட்டுப்போன பாடப்புத்தகம். அதைப் பார்த்துப் பார்த்து, அவிழ்த்துத் திரும்பக் கட்டி, தானாகப் பழகிக்கொண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆகவே, பிளாஸ்டிக் வந்தது, கைவேலை போனது என்று ஒரு வரியில் முடிக்கும் வழக்கமான முடிவை நாங்கள் ஏற்கவில்லை. பிளாஸ்டிக் எல்லா ஊருக்கும்தான் வந்தது. எங்கட ஊரில் அறுந்தது அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் இருந்த நேரம்.

இனி என்ன செய்யலாம்

அறுந்த நேரத்தைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது. எழுதி வைக்கலாம். இந்தியாவில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சுதர்சன் கன்னா, சந்தையிலும் தெருவிலும் விற்ற நாட்டு விளையாட்டுச் சாமான்களைச் சேர்த்து, எப்படிச் செய்வது என்று வரைந்து புத்தகமாக்கினார். அரவிந்த் குப்தா குப்பையில் இருந்து விளையாட்டுச் சாமான் செய்யும் முறைகளை எல்லாரும் இலவசமாக எடுக்கும்படி பல மொழிகளில் வைத்திருக்கிறார், தமிழிலும் உண்டு. கொட்டியாரத்துக்கு இதைச் செய்ய வெளியில் இருந்து ஆள் வரத் தேவையில்லை.

எங்கட யோசனை எளியது. ஒவ்வொரு வீட்டிலும் அப்பா, அப்பப்பா, அம்மப்பா செய்த ஒரு சாமானை எடுங்கள். அதன் பேரை அவர் சொல்லும் அதே சொல்லில் எழுதுங்கள், பத்திரிகைத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். எந்த மரம், எந்த ஓலை, எந்த மாதத்தில் வெட்டினது, எத்தனை விரல், எத்தனை முழம் என்று எழுதுங்கள். அவர் கட்டும்போது கையை மட்டும் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படம் பிடியுங்கள். முகத்துக்கு வெட்கப்படுவார், கைக்கு வெட்கப்படமாட்டார். யாரிடம் பழகினார் என்று கேளுங்கள். யாருக்குப் பழக்கினார், யாருக்குப் பழக்கவில்லை, ஏன் என்றும் கேளுங்கள். மூதூரிலும் தோப்பூரிலும் இருக்கும் நண்பர்கள் தங்கட வாப்பாமாரிடமும் கேட்க வேண்டும். ஒரே ஆற்றில் ஒரே மீனுக்குக் கட்டிய சாமானுக்கு ரெண்டு பேர் இருந்தால் ரெண்டையும் எழுதுவோம். அம்மாமாரின் பாய்க்கும் பெட்டிக்கும் இதே போல் தனியாக ஒரு கொப்பி வேணும்.

கடைசியாக, செய்தவரின் பேரை எழுதுங்கள். முடி செய்தவருக்குக் கூத்தில் பேர் இல்லை, நொக்ஸின் தகப்பனுக்குத் தன் பேரே தனக்கு நிற்கவில்லை. "இதெல்லாம் என்னத்துக்கு மகள், இது ஒரு வேலையா" என்று அவர் கேட்பார். எழுதிக்கொண்டே இருங்கள். அவர் தடுக்கமாட்டார். கொஞ்ச நேரத்தில், "அந்தக் கட்டு அப்பிடி இல்ல, இஞ்ச தா" என்று தானே கையை நீட்டுவார்.